வசந்தி நிறுத்திவிட்டுப் போன கார்

பழைய கேம் ஆட ஒரு விண்டோஸ் 98 மெஷின் கட்டிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? அதற்கு ஹார்ட் டிஸ்க் தேடி இன்று மறைமலைநகர் காயலான் கடைக்குப் போனேன்.

ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. எந்த வருஷத்து ஆயுத பூஜையோ, சந்தனப் பொட்டு இன்னும் அழியவில்லை.

"ஊரே லேப்டாப் தூக்கிகினு சுத்துது. உனுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த இந்த டப்பா?" என்றார் கடைக்காரர்.

"கேம் ஆடத்தான்."

ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டில் ஃபார்மட் செய்யுமுன் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். சம்பளப் பட்டியல்களுக்கு நடுவே ஒரு கார் ரேஸ். அதன் ஸ்கோர் போர்டில் முதல் பத்து இடத்திலும் ஒரே பெயர், வசந்தி.

எல்லா ஆட்டமும் மாலை ஐந்துக்கும் ஐந்தே காலுக்கும் நடுவில் சேமித்தவை. கம்பெனி பஸ் கிளம்பும்வரை தினமும் கேமின் கடலோரச் சாலையில் கார் ஓட்டியிருக்கிறார் போல. பிறகு பஸ் ஜன்னலில் சாய்ந்தபடி, மனசுக்குள் அதே அலைகளின் பக்கமாகவே வீட்டுக்குப் போயிருப்பார்.

அவர் பாதியில் விட்ட கடைசி ஆட்டத்தைத் தொடர்ந்தேன். ஏழு முறை முயன்றும் அடுத்த வளைவிலேயே கடலில் விழுந்தேன்.

ஃபார்மட் செய்ய மனசு வரவில்லை.

வசந்தி மேடம், இதைப் படித்தால் சொல்லுங்கள். அந்த வளைவில் பிரேக்கா, ஆக்சிலரேட்டரா?