இரண்டு சைஸ் பெரிய பனியன்

“மார்கழிக்கே மூக்கு ஒழுகும். இவ டெல்லிக்குப் போய்ப் படிக்கப் போறாளாக்கும்!” என்று மாமா ஒருமுறை சிரித்தார்.

டெல்லி ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். திருச்சிக் கடையொன்றில், குளிருக்கு உள்ளே போடும் பனியன் பார்க்கிறேன். வீட்டின் முதல் பட்டதாரி என்கிற மிடுக்கோடு இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்கிறேன். பள்ளிச் சீருடையிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான் வாங்கினார்கள்.

கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “இன்னும் வளரப் போறீங்களாம்மா?”

“இல்லீங்க பாய். ரெண்டு வருஷம் வரணும்ல?”

“லூசா இருந்தா உள்ள காத்து போயிரும்மா. ஒடம்போட ஒட்டி இருந்தாத்தான் குளிர் தாங்கும். மேல போடுற ஸ்வெட்டர வேணா பெருசா எடுங்க.”

முதல் பட்டதாரி சின்னதையே வாங்குகிறாள்.

ரயில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டுகிறது. பெட்டிக்குள் எல்லோரும் விசிறிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் கூடுதலாக வேர்த்துக் கொட்டுகிறது. டெல்லிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சுடிதாருக்குள் பனியனைப் போட்டுக்கொண்டாயிற்று.