லோகநாதன் திருப்பிய கோயில்

லோகநாதன் அண்ணாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இருபத்தாறு வருஷம் வரைபடம் போட்ட மனுஷன். சிட்லபாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை அவர் வரைந்த பிளானில் எத்தனையோ அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஒரு தாளிலும் அவர் பெயர் கிடையாது, இன்ஜினியர் பெயர்தான். கேட்கவும் மாட்டார். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இவர் மேனேஜர் அறை வரைகூடப் போக மாட்டார்.

ஐம்பது வயதில் சானடோரியம் ஏரியாவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெளிநாட்டுத் தொல்லியல்காரர்கள் குழிக்குள் உட்கார்ந்து பென்சிலில் போட்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. அவர் வரைவார், நான் சரிபார்ப்பேன்.

போன வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு கோயில் வந்தது. ரோமாபுரி ஆட்சி அங்கே நடந்த காலத்தில் ஊர்க்காரர்கள் ஏதோ ஒரு தேவிக்குக் கட்டியது. சதுரமாக ஒரு கருவறை, அதைச் சுற்றிவர ஒரு நடை. தோண்டிய பேராசிரியை, புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரைந்தவர் பெயரைப் போடுவதாக மெயில் அனுப்பியிருந்தார். அண்ணா அதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு மாசம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வினை ஒரு கல் வடிகாலில் வந்தது. கோயில் வாசல் மேற்கே. வடிகாலோ கருவறையின் தெற்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது.

"மேக்கால பாத்த கோயில் கீதும்மா, ஒத்துக்கறேன். கோமுகி தெக்கால எங்கனா கீதா? அபிஷேகத் தண்ணி வடக்கால தான வுழும்? அந்தம்மா வடக்குக் குறிய தலகீழா போட்டுகினு கீறாங்க."

"ஆமாண்ணா, வடக்குலதான் விழும்," என்றேன்.

படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் திருப்பினார். வாசல் கிழக்கே வந்தது, தண்ணீர் வடக்கே விழுந்தது. பேஷாக இருக்கிறது என்று நானும் டிக் போட்டேன். ஒரு வரி எழுதிக் கேட்போம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்தத் தேவிக்கு யாராவது அபிஷேகம் செய்தார்களா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

புத்தகம் அச்சான பிறகு பேராசிரியையின் மெயில் வந்தது. அந்தப் பகுதிக் கோயில்களெல்லாம் கிழக்கு பார்த்திருக்க, இது மட்டும் ஏன் மேற்கு பார்த்தது என்பதுதான் அந்தப் புத்தகமே! யார் வரைந்தது என்று கேட்டிருந்தார். எங்கள் மேனேஜர் தேவானந்தத்துக்கு அன்றைக்குத்தான் அண்ணாவின் பெயர் ஞாபகம் வந்தது. சரிபார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பிரதி வந்தது. முதல் பக்கத்தில் எங்கள் கம்பெனி பெயரைப் போட்டிருந்தார்கள், மேனேஜர் கொடுத்ததாம். உள்ளே இங்கிலீஷில் ஒரு திருத்தச் சீட்டு: "படம் ஏழு: வடக்குக் குறி தலைகீழாக உள்ளது. வரைந்தவர் பிழை: லோகநாதன், சென்னை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல் பக்கத்துல உங்க பேர் எங்கன்னு மேனேஜர்கிட்ட போய்க் கேளுங்கண்ணா. நானும் வரேன். டிக் போட்டது நான்தான்னு சொல்றேன்."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வுடும்மா. வூட்ல என் பொண்டாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்துக் கூட்டி என் பேர மட்டும் பட்ச்சிடுவா."