நூறு விரல் நடந்த இரும்பு

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தேன். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் படிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சரியாக அளந்த வயல்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அளந்தோம், கல் நட்டோம், டீ குடித்தோம், வந்தோம். அதனால் தப்பாக அளந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு ஆகாய விமானமும் வருகிறது.

1. நோட்டீஸோடு வந்தவர்

ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீஸில் என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பொன்மணி. தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் பூ எடுத்து, கன்னியாகுமரி லாட்ஜுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு வயற்காட்டு ஊரில், ஊரின் முதல் வீடு அவருடையது. கணவர் இல்லை. அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை.

அவர் கையில் நோட்டீஸ் இருந்தது. வீட்டின் அடுக்களை அரசுப் புறம்போக்கில் நான்கு அடி நுழைந்திருக்கிறது, பதினைந்து நாளில் இடித்து அகற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. அடுக்களையை இடித்தால் பின்சுவரும் நிற்காது. நோட்டீஸ் தாசில்தாருடையது. அதற்கு ஆதாரமான அளவு ரிப்போர்ட் என்னுடையது.

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அளவு அளவுதான், ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், எனக்க மாமியாருக்க மாமியாரு கெட்டிக்கிட்டு வரும்போ மாடன் அந்தத் தெங்கு மூட்டுல நின்னாராம். இப்போ எனக்க அடுக்களப் பக்கம் நிக்காரு. தெனமும் நான் வைக்க பூவ வாங்கிட்டு அவரு நடந்து வந்ததுக்கு, நான் வீட்ட இடிக்கணுமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மாடன் என்ற அந்த ஊர்க்காவல் தெய்வத்தை வைத்துத்தான் நான் அளந்திருந்தேன்.

2. வயலில் விழுந்தது

இரண்டு மாதத்துக்கு முன்னால், கிராமத்தில் உள்ள சிறிய புறம்போக்குகளையெல்லாம் அளந்து பட்டியல் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அப்படித்தான் அந்தத் துண்டு என் கண்ணில் பட்டது. நாலாபக்கமும் பட்டா நிலம். நடுவில் சதுரமாக ஆறு சென்ட் மட்டும் அரசு நிலம். குளமில்லை, பாதையில்லை, சுடுகாடுமில்லை. வயலுக்கு நடுவே சர்க்காருக்கு எதற்கு ஆறு சென்ட்? இந்த மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு மதியச் சோறு இறங்காது.

நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்ததால் பழைய பதிவேடுகள் மலையாளத்தில் இருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து வரும் சர்வேயர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள். எனக்கு அம்மா வீடு களியக்காவிளை. மலையாளம் வாசித்துவிடுவேன். ரெக்கார்டு ரூமில் மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடியதில், அந்தக் காலத்துக் கிராம அதிகாரி நேரில் பார்த்து எழுதிய மகஜர் அறிக்கை ஒன்று கிடைத்தது. நடவு முடிந்த வயலில் பட்டாளத்து ஆகாய விமானம் ஒன்று விழுந்திருக்கிறது.

அந்த மனிதர் விமானத்தை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். எதை எந்தப் பெயரால் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மரச்சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியில் வார்னிஷ் பூசியது போல ஒரு நாற்றம். இறக்கை மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, நடுவில் எண்ண முடியாத கம்பிகள். இறக்கையின் நீளத்தைக் கோல் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவரின் வாக்குமூலமும் இருக்கிறது. சத்தம் திடீரென்று நின்றது, அதற்குப் பிறகு கம்பிகளில் காற்று அடிக்கிற ஒலி மட்டும் கேட்டது, பிறகு சேறு தெறித்தது. அதில் வந்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவருக்குக் கை ஒடிந்திருந்தது. இன்னொருவர் பேசவில்லை. இருவரையும் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி நாகர்கோவிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பட்டாளத்தார் வந்து எடுத்துப்போகும் வரை யாரும் அந்த இடத்தில் உழக்கூடாது என்று உத்தரவு. அப்படித்தான் அது சர்க்கார் நிலமானது. அவர்கள் சில வாரம் கழித்து வந்து எஞ்சினை எடுத்துப்போனார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிற கடிதத்தை மட்டும் எவரும் எழுதவில்லை. சேற்றில் புதைந்து கிடந்த ஓர் இரும்புத் துண்டை வடகிழக்கு மூலையில் அடையாளமாக நட்டதாக மகஜரின் கடைசி வரி சொல்கிறது. பின்னால் வந்த வரைபடத்திலும் அந்த மூலையில் 'இரும்புக் குறி' என்று இருக்கிறது.

அந்த இரண்டு பேரில் பேசாதவர் பிழைத்தாரா என்று மகஜரில் இல்லை. எழுதியவருக்கு அது வேலையில்லை. எனக்கும் இல்லைதான், ஆனாலும் இன்று வரை மனதை விட்டுப் போகவில்லை.

3. என் தப்பு

மறுநாளே வயலுக்குப் போனேன். மற்ற மூன்று மூலைக் கல்லும் எப்போதோ போயிருந்தன. வடகிழக்கே ஒரு பூவரச மரத்தடியில் மஞ்சளும் சந்தனமும் அப்பிய மாடன் மண்ணில் நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் அவரை வானத்து மாடன் என்கிறார்கள். பூசை செய்பவர் சுயம்பு. அவருடைய பாட்டனாருக்கு அப்பாதான் அன்று உழுதுகொண்டிருந்தவர். சுயம்புவிடம் அனுமதி கேட்டு மஞ்சளைக் கொஞ்சம் துடைத்துப் பார்த்தேன். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதைச் சுற்றி நெருக்கமாக வளையம் வளையமாகத் தகடுகள். என் பழைய பைக்கின் எஞ்சினிலும் காற்று பட்டுச் சூடு தணிவதற்கு அதே மாதிரி தகடுகள்தான் இருக்கும். சந்தேகமே இல்லை. விமான எஞ்சினிலிருந்து உடைந்து விழுந்த சிலிண்டர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சர்வே குறியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். டோட்டல் ஸ்டேஷன் கருவியை அங்கேயே நிறுத்தி, அந்த இரும்பை வடகிழக்கு மூலையாக வைத்து, வரைபடத்தின்படி சதுரத்தைப் போட்டேன். கிழக்குக் கோடு பொன்மணியின் அடுக்களைக்குள் போனது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருவது, ஒரு குறியை மட்டும் வைத்து அளக்காதே, தூரத்தில் இருக்கும் இன்னும் இரண்டு கல்லிலிருந்து சரிபார் என்பது. அங்கே மூன்று கிராம எல்லை சேரும் இடத்தில் ஒரு பெரிய கல் உண்டு. ரோடு உயர்ந்ததில் அது மண்ணுக்குள் போயிருந்தது. இன்னொன்று வாய்க்கால் கரையில் தாழைப் புதருக்குள். வெயில் ஏறிவிட்டது, விமானமே கிடைத்த பிறகு கல் எதற்கு என்று விட்டுவிட்டேன். புதிதாக வந்தவன் செய்தால் நானே மெமோ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

4. வருஷத்துக்கு ஒரு விரல்

பொன்மணி கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலமே சுயம்புவைத் தேடிப் போனேன். மாடனை யாராவது நகர்த்தினார்களா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ ஊரறிந்த விஷயத்தைக் கேட்கிறாரே என்பது போலப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் மாடனுக்கு நடக்கும் கொடை விழாவுக்கு முன்னால் இரும்பைப் பெயர்த்து, வாய்க்காலில் கழுவி, திரும்ப நடுவார்களாம். நடும்போது பழைய குழியிலிருந்து ஒரு விரல் அகலம் ஊர்ப்பக்கமாக, அதாவது கிழக்கே, தள்ளி நடுவது வழக்கமாம்.

"அவரு வானத்துலேருந்து வழி தெரியாம வந்து விழுந்தவரு, சாரே. வயல்ல தனியா விடப்பிடாது, ஊருக்குள்ள கூட்டிட்டு வரணும். ஒரேயடியா கொண்டுவந்தா ஊரு தாங்காது. அதான் வருசத்துக்கு ஒரு வெரலு."

நான் பூவரசின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். எல்லைக் குறி நூறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அது ஊருக்கே தெரியும். அளக்கப் போன நான் மட்டும் கேட்கவில்லை. இது என்ன இரும்பு என்று ஆயிரம் கேள்வி கேட்டேன். இதை யார் தொட்டார்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் லீவு போட்டு வேலை பார்த்தேன். ரோட்டோரத்தில் மூன்றடி தோண்டியதில் எல்லைக் கல் கிடைத்தது. தாழைப் புதரில் கையெல்லாம் கிழிந்து இன்னொன்றும் கிடைத்தது. இரண்டிலிருந்தும் தனித்தனியாக அளந்தேன். இரண்டு அளவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. உண்மையான மூலை மாடனுக்கு மேற்கே ஆறடி மூன்று அங்குலத்தில், பழைய தென்னையின் தூருக்குப் பக்கத்தில் இருந்தது. பொன்மணி சொன்ன அதே தெங்கு மூடு. அடுக்களைக்கும் எல்லைக்கும் நடுவே இரண்டடிக்கு மேல் இடைவெளி இருந்தது.

என் புத்தி அதோடு நிற்கவில்லை. சுயம்புவின் ஆள்காட்டி விரலை டேப்பில் வைத்து அளந்தேன். முக்கால் அங்குலம். வகுத்தால் நூறு விரல் வருகிறது. மகஜரில் இருந்த மலையாளக் கொல்லம் ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால் நூற்று நாலு கொடை நடந்திருக்க வேண்டும். நாலு குறைகிறதே என்றேன். கொரோனாவில் இரண்டு வருஷம் கொடை இல்லை என்று உடனே சொன்னார். காலராவுக்கு ஊர் காலியான ஒரு வருஷம் என்று அவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். நாலாவது அவருக்கும் தெரியவில்லை. எல்லார் விரலும் ஒரே அகலமில்லை என்பதால் நானும் அத்தோடு விட்டேன்.

5. சொந்த ரிப்போர்ட்

தாசில்தார் அம்மா நல்லவர். புதிய அளவைப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தார். வேறு ஒரு சர்வேயரை விட்டு மறு அளவை செய்தால் என் பெயர் அடிபடாது, ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். அதற்குள் நோட்டீஸ் கெடு முடிந்துவிடும்.

"உங்க ரிப்போர்ட் தப்புன்னு நீங்களே எழுதினா விளக்கம் கேப்பாங்க சார். ரிட்டையர்மென்ட் பேப்பரும் நிக்கும். யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் மகள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் முழுக்க பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராம அதிகாரி, பெயர் தெரியாத பொருளைக்கூடத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை நம்பித்தான் நான் நடந்தேன். பின்னால் வருகிறவன் என் ரிப்போர்ட்டையும் அப்படித்தான் நம்புவான். மறுநாள் காலை, முந்தைய அளவில் ஒரே குறியை நம்பியது என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் ரத்தானது. மெமோ வந்தது. ஓய்வூதியக் காகிதம் எட்டு மாதம் தாமதமானது. மகள் கல்யாணம் அதற்காக நிற்கவில்லை.

ரத்து உத்தரவை நானே பொன்மணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அந்தச் சுவருக்குள்ளிருந்து வந்த காப்பியைக் குடிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

6. கொடை

உண்மையான மூலையில் புதிய கல் நட்டாகிவிட்டது. இரும்பு இப்போது எல்லைக் குறி இல்லை. அது மாடன் மட்டும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த கொடைக்கு சுயம்பு என்னைக் கூப்பிட்டார். கழுவிய இரும்பு வாழையிலையில் கிடந்தது. தகடுகளுக்கு நடுவே பொன்மணி பிச்சிப்பூச் சரத்தைச் சுற்றியிருந்தார். இந்த வருஷம் நீங்கள் நடுங்கள் என்றார்கள். நான் தயங்கினேன். சர்வே குறியை நகர்த்துவது குற்றம். அந்தக் குற்றத்துக்காக எத்தனையோ பேர் மேல் ரிப்போர்ட் எழுதியவன் நான்.

"வெரல வச்சு அளந்துக்கிடுங்க சார். கூடிரப்பிடாது" என்றார் பொன்மணி.

பழைய குழியின் விளிம்பில் என் ஆள்காட்டி விரலைக் கிடத்தினேன். ஒரு விரல் கிழக்கே தள்ளி இரும்பை நட்டு மண்ணை மிதித்தேன். பிறகு, நட்டது யார், எவ்வளவு தள்ளி என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிச் சுயம்புவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் இப்படி எழுதி வையுங்கள் என்றேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். கருவி நன்றாக வேலை செய்யும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குறி கையில் கிடைத்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இது எப்போதும் இங்கேதான் இருந்ததா என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.