தேய்ந்த சப்பாத்து

ரெங்கம் தொழிற்சாலையில் மேனேஜரான புதிதில் எனக்குக் கணக்கு தெரியாது. அறிக்கையில் ‘மெஷின் தேய்மானம்’ என்று பெரிய செலவு இருந்தது. யாருக்கும் கொடுக்காத பணம்! கணக்கு எழுதும் கிராணிதான் திருடிவிட்டார் என்று முதலாளியிடம் சொல்லக் கிளம்பினேன். போகும் வழியில், கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த பெண்ணிடம் அதைச் சொன்னேன்.

அவர் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பேசுமுன் அதை உருவிக்கொள்வார். அன்று அந்தப் பென்சிலால் என் காலைக் காட்டினார்.

“அண்ணே, சப்பாத்து அடி தேஞ்சிருக்கே, யாரு திருடுனா?”

“யாரும் இல்லம்மா. நடந்து நடந்து தேஞ்சது.”

“மெஷினும் அப்படித்தான் லா. தேயுறதை வருஷா வருஷம் செலவுல எழுதணும்.”

முதலாளியிடம் போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன். ஒன்றும் அறியாத அந்தக் கிராணி இன்றும் எனக்குக் கோப்பி வாங்கி வருகிறார். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம், பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்தப் பெண்ணுக்காகத்தான் முருகனிடம் முதலில் வேண்டுகிறேன்.