மாரக்காளின் சிவப்பு அம்பு

மாரக்காள் பனியனை முதலில் ஓர் உதறு உதறுவாள். பிறகு இரண்டு தோளையும் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்குவாள். மூன்றாவது நொடியில், வளையலுக்கடியில் செருகியிருக்கும் அட்டையிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தால் உரித்து, அக்குளுக்குக் கீழே ஒட்டி, பனியனை இடது பக்கக் கூடையில் வீசிவிடுவாள். அம்பு காட்டுகிற இடத்தில் நாமும் தேடலாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால், ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருப்பது தெரியும். "அது உங்குளுக்குத் தெரியாதுங்ணா. கம்ப்யூட்டரப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கண்ணுங்க அது" என்று எனக்கு ஆறுதலும் சொல்வாள்.

நான் அவள் வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனியில் கப்பலுக்குப் போகிற சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிறவன். அனுப்பர்பாளையத்தில் அவள் இருக்கும் லைன் வீட்டில் அடுத்த கதவும் என்னுடையதுதான். நடுவில் இருக்கும் ஒற்றைச் சுவரால் எனக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

செக்கிங் மேசையில் அவளுக்குப் பதினெட்டு வருடம். குற்றத்தைக் காட்டுவதுதான் அவள் உத்தியோகம், சரிசெய்வது அல்ல. தையல் முடிகிற இடத்தில் தொங்கும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். அதை நறுக்குவதற்கென்று ஹெல்பர் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நறுக்குகிற குட்டிக் கத்தரியான ட்ரிம்மரைக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்தபோது அவளுக்கும் கொடுத்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் பாக்கெட் வெட்ட வைத்துக்கொண்டாள். "பிசிறு வெட்டறது என்ர வேலை இல்லீங்ணா. நான் காட்டுவேன். வெட்டறவ வெட்டட்டும்."

இப்படி எட்டு மணி நேரத்துக்குள் அடங்கிக் கிடந்த பெண்மணியைத் தட்டி எழுப்பிய புண்ணியம் எங்கள் முதலாளி ரத்தினசாமியைச் சேரும். இரண்டாயிரத்து ஆறில் ஆர்டர் கொஞ்சம் மெலிந்திருந்த ஒரு மாதம், கோயம்புத்தூரிலிருந்து தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார். கட்டிங் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு இருநூறு பேரைத் தரையில் உட்கார வைத்தோம். வந்தவர் டை கட்டியிருந்தார். மனிதன் தன் இயற்கையான திறமையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாம், மீதித் தொண்ணூறும் தூங்குகிறதாம். அதை யார் போய் அளந்து பார்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். உங்களிடம் இயற்கையாக இருக்கும் பலத்தை எழுதுங்கள், நாளையிலிருந்து அதை இரண்டு மடங்காகப் பயன்படுத்துங்கள் என்றார். முதலாளி பக்கத்தில் நின்றதால் முக்கால்வாசிப் பேர் 'கடின உழைப்பு' என்று எழுதினார்கள். நான் 'பொறுமை' என்று எழுதினேன். அங்கே உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் அதை இரண்டு மடங்குக்கு மேலேயே பயன்படுத்தியாகிவிட்டது. மாரக்காள் எழுதியது: 'குத்தம் கண்டுபுடிக்கறது'.

பயிற்சியாளர் அதை மைக்கில் படித்துவிட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "இது வரம்மா. இதை ஏன் கம்பெனியோடு நிறுத்துகிறீர்கள்? வாழ்க்கை முழுவதும் பயன்படுத்துங்கள்." அவர் தொழிலில், தான் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிற ஆளை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். மாரக்காள் அங்கேயே எழுந்து நின்றாள். "சாருங்க, ரெண்டாவது சொன்ன கதையவே நாலாவதாவுஞ் சொன்னீங்க. அப்பறம், சட்டையில மேல இருந்து மூணாவது பட்டன் காஜா கோணலுங்க." மனிதர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு தூங்கிக்கொண்டிருந்த தொண்ணூறும் எழுந்துகொண்டது. மாரியம்மன் கோயிலில் புதிதாக வர்ணம் அடித்த காவல் பொம்மைக்கு ஒரு காலில் ஆறு விரல் இருப்பதை, கும்பாபிஷேகத்தன்று, ஐயர் குடத்தோடு மேலே ஏறிய பிறகு கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கமுத்து பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் வாங்கி வரும் கத்திரிக்காய், அவர் சட்டை மாட்டுகிற விதம், அவர் விடுகிற கொட்டாவி என்று எல்லாமே செக்கிங்குக்கு உட்பட்டன. ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவின் கீழ்க் கீலில் சிவப்பு அம்பு இருந்தது. கீலை மாற்றும்வரை அதை உரிக்கக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வகுப்புக்கு வராமலே அதன் பலனை அடைந்தவள் அவள்.

கம்பெனிக்கு நஷ்டமில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரனின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்துத் தேடோ தேடென்று தேடியும் ஒன்றும் அகப்படாமல் இளநீர் குடித்துவிட்டுப் போனான். நஷ்டமெல்லாம் சித்ரகலாவுக்குத்தான்.

சித்ரகலா மாரக்காளின் ஒரே மகள். இருபத்தாறு வயது. காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறாள். அவளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். மாரக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவருடைய அப்பாவிடமே சொன்னாள்: "ஒரு தோளு அரை இஞ்சு எறங்குதுங்க. டேப்பு வேணும்னா வெச்சுப் பார்த்தரலாங்க." பாதி போண்டாவோடு எழுந்து போனார்கள். அடுத்து அவிநாசியிலிருந்து ஒருவர். "மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ஷேடு வேற வேறயா இருக்குதுங்களே." அவர்கள் போண்டா வரும்வரைகூட உட்காரவில்லை.

ஒரு சாயங்காலம் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அந்தச் சுவர் அப்படி.

"அம்மா, ஞாயித்துக்கெழம முகிலன்னு ஒருத்தரு வர்றாரு. எங்க கடைக்குச் சரக்குக் கொண்டாறவரு. ஒரு வருசமாத் தெரியும். எனக்குப் புடிச்சிருக்குது. நீ அவரையும் ஏதாச்சும் குத்தஞ் சொன்னீன்னா, இனி யாரும் என்னையப் பார்க்க வர வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கறேன்."

சித்ரகலா சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நிதானமாகச் சொன்னாள். பிறகு மாரக்காள் சொன்னாள்: "நான் வேணும்னேயா சொல்றேன் கண்ணு? கண்ணுக்குத் தெரியுதே."

மறுநாள் டீ இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள். "ஏனுங்ணா, அந்தச் சாரு ரெட்டிப்புப் பண்றதுக்குச் சொன்னாரே, நிறுத்தறதுக்கு எதாச்சுஞ் சொன்னாருங்களா?"

"அது அடுத்த வகுப்புல வருமாட்ட இருக்குதுங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். கேலி செய்ததற்காக அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்து மரியாதைக்காக அல்ல. "மாமா, அம்மா வாயத் தொறந்தா இருமுங்க" என்று சித்ரகலா வாசலிலேயே பணி ஒதுக்கிவிட்டாள். காலையில் முதல் வேலையாக, அம்மாவின் வளையலுக்கடியில் இருந்த அம்பு அட்டையையும் பிடுங்கி வைத்திருந்தாள்.

முகிலன் அவன் அம்மா சுப்புலட்சுமியோடு வந்தான். சந்தன நிறத்தில் புதுச் சட்டை, முழங்கைவரை கை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். மாரக்காள் எதிரே நின்றாள். அவள் பார்வை தோளில் தொடங்கி, காலருக்கு ஏறி, பட்டன் பட்டனாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையலுக்கடியில் இல்லாத அட்டையிலிருந்து கட்டைவிரல் எதையோ உரித்துக்கொண்டிருந்தது.

"பையன் கொஞ்சம் கூச்சப்படுவானுங்க" என்றார் சுப்புலட்சுமி.

"ஆமாங்க" என்றாள் மாரக்காள். அவ்வளவுதான். நான் எதற்கும் இருக்கட்டும் என்று லேசாக ஒரு முறை இருமினேன்.

பார்வை சட்டையின் இடது கை விளிம்பில் போய் நின்றது. மடிப்புத் தையலிலிருந்து இரண்டு அங்குலப் பிசிறு ஒன்று ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன என் கண்ணுக்கே தெரிந்தது. மாரக்காளின் உதடு பிரிந்தது. உள் கதவுத் திரையைப் பிடித்திருந்த சித்ரகலாவின் விரல்கள் இறுகின. மாரக்காள் உதட்டை மூடிக்கொண்டு, "காப்பி கொண்டாறனுங்க" என்று சமையல் கட்டுக்குள் போய்விட்டாள். நான் மூச்சு விட்டேன்.

பால் பாக்கெட் வெட்டுகிற சத்தம் கேட்டது. உடனே அவள் திரும்பி வந்தாள். கையில் காப்பி இல்லை, ட்ரிம்மர் இருந்தது. நான் இருமினேன், மறுபடியும் இருமினேன். அங்கமுத்து தரையைப் பார்க்க ஆரம்பித்தார். சுப்புலட்சுமி பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"கையக் கொஞ்சம் நீட்டுங்க சாமி" என்றாள் மாரக்காள்.

முகிலன் நீட்டினான். அவள் குனிந்து, பிசிறை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, துணியோடு ஒட்ட நறுக்கினாள். வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை நீவிவிட்டாள். பிறகு அந்த இரண்டு அங்குல நூலைக் கீழே போடாமல், முந்தானை நுனியில் முடிந்துகொண்டு காப்பி எடுக்கப் போனாள்.