கை நனைத்தவர் மேல் கேஸா?

இன்று காலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனேன்.

கப்பலூர் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அப்போதே நஷ்டஈடு கேட்டு மனு போடச் சொன்னேன்.

முதலாளி முந்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். வாட்ச்மேன் வேலை கொடுத்தார். அண்ணன் மகள் காதுகுத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டார். "ஏத்தா, நம்ம வீட்டுல கை நனைச்ச மனுசன் மேல கேஸ் போடுறதா? அப்புறம் அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?"

விபத்து நடந்து இரண்டு வருடம் முடிந்தது. அடுத்த வாரமே முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "நாளையிலருந்து வர வேணாம்ப்பா."

வக்கீல் தேதியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு வருசத்துக்குள்ள வந்திருக்கணும்மா. சரி, தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட்டுப் பாப்போம். என்ன காரணம்னு எழுத?"

அண்ணன் அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டு சொன்னார்: "மொதலாளி மனசு சங்கடப்படுமேன்னு இருந்துட்டோம்னு எழுதுங்க சார்."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தக் கெடு அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ரசம் கேட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பந்தியிலும் இப்படி யாராவது உட்கார்ந்தார்களா? எத்தனையாவது மாதம் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள் என்று சொல்லுங்கள்.