பின் சீட்டு

வாடகைக் கார் ஓட்டியே தலை நரைத்தவர் அவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியும், இன்னொருவர் ஓட்ட, தான் ஒருநாள்கூடப் பின் சீட்டில் சாய்ந்து போனதில்லை. அதனால் இயந்திரத்தில் கார் கழுவப் போகிற நாளில் அவருக்குக் கால் தரையில் பாவாது. அங்கே கியரை நியூட்ரலில் போட்டால் போதும், தரையில் ஓடும் பெல்ட்டே வண்டியை இழுத்துக்கொண்டு போகும்.

அன்றும் நுரை கண்ணாடியை மூடியதும், திருட்டுப் பூனை மாதிரி பின் சீட்டுக்குத் தாவினார். தண்ணீர் சோவென்று கொட்டியது. காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, "மெதுவாவே போப்பா, எனக்கென்ன அவசரம்?" என்றார்.

அதற்குள் மறுமுனை வந்துவிட்டது. வண்டி துடைக்கிறவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், எங்க போகணும்?"

வாழ்நாளெல்லாம் அவர் பிறரைக் கேட்ட கேள்வி. இன்று அவரையே ஒருவர் கேட்கிறார். பாழாய்ப்போன வாயில் ஓர் இடமும் வரவில்லை.